நெற்றியைத் துடைத்துவிட்டு வா

சிரம்பானில் சிலம்பப் போட்டிகளுக்கு நடுவர்களாக இருக்கும் பிள்ளைகள் சிலர் இரண்டு வாரத்துக்கு முன் என்னைப் பார்க்க வந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவனைப் பார்க்க வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்கள். இவர்கள் ஒரு சட்டையைக் கொண்டுவந்தார்கள். கறுப்புச் சட்டை, உள்ளே மின்கம்பி ஓடுகிறது. கம்பு பட்டால் போதும், மேசையிலிருக்கும் பெட்டியில் தானாகப் புள்ளி ஏறுமாம். தலைக்கும் அதே மாதிரி ஒரு கவசம் இருக்கிறதாம்.

"இனிமே தகராறே இல்ல அங்கிள். பட்டுச்சா படலியான்னு யாரும் வந்து கத்த முடியாது," என்றான் கவின். அவர்களில் மூத்தவன், நான் பழக்கிய பையன். "அப்புறம், ஒங்க நெத்தி ரூல எடுத்துட்டோம் லா. இனிமே தேவப்படாது."

நெற்றி ரூல் என்பது என் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஒன்று. இந்த மாநிலத்தில் நான் நடுவராக நின்ற போட்டி எதுவானாலும், களத்தில் இறங்கும் முன் ஆட்டக்காரர்கள் நெற்றியைத் துடைத்துவிட்டுத்தான் வரவேண்டும். திருநீறு, குங்குமம், சந்தனம் எதுவும் இருக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, என் முன்னால் வந்து நெற்றியைக் காட்டவேண்டும். இதற்காக நான் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. கோயிலில் பூசிவிட்ட திருநீற்றை அழிக்கச் சொல்கிறானே, இவனெல்லாம் உருப்படுவானா என்று தாய்மார்கள் என் காதுபடவே பேசினார்கள். ஒரு கோயில் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ எந்த மதம்ப்பா?" என்றே கேட்டுவிட்டார். போகப்போக அதையே புகழாக மாற்றிவிட்டார்கள். வியர்வையில் திருநீறு கரைந்து கண்ணில் இறங்கும், பெரியவர் எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார் பாருங்கள் என்று மேடையில் பேசினார்கள். நானும் மாலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கவின் கைப்பேசியை என் பக்கம் நீட்டி, "சும்மா ஒரு பதிவுக்கு அங்கிள். எதுக்கு அந்த ரூல் வெச்சீங்க? கண்ணுல விழும்னுதானே?" என்றான்.

"ஆமாப்பா, கண்ணுக்குத்தான்," என்றேன்.

அவர்கள் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அறுபதைத் தாண்டியும் ஒரு பையனிடம் நேராகப் பார்த்துப் பொய் சொல்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன். நெற்றி ரூலுக்கும் கண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. என் மனைவி செல்வி முழுகாமல் இருந்தாள். சிலம்பம் பழக ஆரம்பித்து எனக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் கை வேகம். "குணா கம்பு சுத்தினா கம்பே கண்ணுக்குத் தெரியாது" என்று எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் சொல்லும். உண்மைதான். அது எங்கே போய் விழுகிறது என்பது எனக்கும் தெரியாது.

ரப்பர் மரங்களில் பாதியை அழித்து, எண்ணெய்க்காகச் செம்பனை போட்டிருந்த காலம் அது. பழக்குலைகள் களவு போய்க்கொண்டிருந்தன. நிர்வாகம் புதிதாகக் காவல் படை ஒன்று அமைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. நாங்கள் அதை ஜாகா வேலை என்போம். ஆனால் இது பழைய ஜாகா மாதிரி மூங்கில் கம்போடு கேட்டில் தூங்கும் வேலையில்லை. சீருடை, மாதச் சம்பளம், தனி வீடு எல்லாம் உண்டு. மழை பெய்தால் பால் வெட்டுக்காரனுக்கு அன்றைய கூலி போச்சு, ஜாகாவுக்குப் போகாது. அந்த ஒன்றுக்காகவே தோட்டத்தில் பாதிப் பேர் அந்த வேலைக்கு ஏங்கினார்கள்.

அந்த வருட மாரியம்மன் திருவிழாவில் சிலம்பப் போட்டியைப் பார்க்க மேனேஜர் வந்திருந்தார். ஜெயிக்கிறவன் மறுநாள் ஆபீசுக்கு வரட்டும், முதல் ஜாகா அவன்தான் என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். இறுதி ஆட்டத்தில் நானும் தங்கையா அண்ணனும் நின்றோம்.

தங்கையா அண்ணன் அடுத்த டிவிஷனில் பால் வெட்டுகிறவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் இருப்பார். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவருடைய அப்பாவிடம் கம்பு பழகியவர். அவர் ஆடினால் பார்க்கிறவர்களுக்கு அலுப்பாக இருக்கும். ஓங்க மாட்டார், குதிக்க மாட்டார், சத்தம் போட மாட்டார். சும்மா நிற்கிற மாதிரி இருக்கும், எதிராளி விலகிப் போவான். என்னை மாதிரி புதுப் பையன்கள் அவரைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பேசுவோம்.

போட்டி நடத்தும் முறை இதுதான். கம்பின் இரண்டு முனையிலும் துணி சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, அதில் முனையை முக்கி எடுத்துக் கொடுப்பார்கள். ஆட்டக்காரன் கறுப்புச் சட்டை போட்டிருப்பான். அடி பட்ட இடத்தில் வெள்ளை விழும். ஆட்டம் முடிந்ததும் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்குப்பிள்ளை, இருவரையும் திருப்பித் திருப்பி நிறுத்தி வெள்ளையை எண்ணுவார். உடம்பில் பட்டால் ஒரு புள்ளி. நெற்றியில் பட்டால் அதற்குப் பெயர் பொட்டு, அதற்கு மூன்று. பொட்டு வைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. முகத்தைக் கிழிக்காமல், கண்ணைக் குத்தாமல், புருவத்துக்கு நடுவில் கம்பு முனை தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். எங்கள் தோட்டத்தில் பொட்டு வைத்து யாரும் பார்த்ததில்லை.

இரண்டு பேரும் கோயிலில் கும்பிட்டுவிட்டு நேராகப் பள்ளித் திடலுக்கு வந்தோம். பூசாரி நெற்றி நிறையத் திருநீறு அள்ளிப் பூசியிருந்தார்.

ஆட்டத்தைப் பற்றி அன்றைக்கு எனக்கு நினைவிருந்ததெல்லாம் என் கம்புதான். விளாசித் தள்ளினேன். அண்ணன் பெரும்பாலும் தடுத்தார், சில அடிகள் உள்ளே போயின. ஒரு அடி அவர் விலாவில் மொத்தென்று விழுந்தது. கூட்டத்தில் ஒரு பெண் "ஐயோ" என்று கத்தியது எனக்குக் கேட்டது. அது கேட்டதும் எனக்கு இன்னும் வெறி ஏறியது. நடுநடுவே நெற்றியில் ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

கிராணி வந்து எண்ணினார். "குணா சட்ட சுத்தமா இருக்குப்பா. தங்கையா சட்டையப் பாருங்க, செவுத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு!" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் எங்கள் நெற்றியையும் பார்த்தார். இரண்டிலும் திருநீறு இருந்தது. வேறென்ன இருக்கப் போகிறது? சாமி கும்பிட்டுவிட்டு வந்தவனின் நெற்றியைத் துடைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. திருவிழா அன்றைக்கு நெற்றியை வெறுமையாக்குவது எங்கள் ஊரில் அபசகுனம்.

என் கையைத் தூக்கிப் பிடித்தார்கள். தங்கையா அண்ணன் என்னிடம் வந்து தன் கட்டைவிரலால் என் நெற்றியில் ஒரு முறை அழுத்தித் தேய்த்தார். அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். தோற்றாலும் பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான் என்று செல்வியிடம் சொன்னேன்.

மறுநாள் காலை புருவ நடுவில் சின்னதாக வட்டமாகச் சிவந்து எரிந்தது. செல்வி வேர்க்குரு என்று சொல்லித் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். அந்த எரிச்சலோடுதான் ஆபீசுக்குப் போய் வேலையை வாங்கிக்கொண்டேன்.

போர்டிக்சன் பக்கம் ஒரு இடத்தில் புதிய ஜாகாக்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எங்களைப் பழக்கியவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பெயர் ஹாஷிம், நாங்கள் சார்ஜன் என்போம். தோட்டத்தை ஒட்டிய கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், பிறந்து வளர்ந்த மலாய்க்காரர். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தப்புச் செய்தவனைத் திட்டவும் மாட்டார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்து, மறுபடி பையில் வைப்பார். அவர் கைக்குட்டையை எடுத்தாலே எங்களில் யாரோ தப்புச் செய்துவிட்டோம் என்று அர்த்தம்.

அவருடைய பாடம் ஒரு பால்மரத்தில் நடக்கும். மரத்தில் தொடை உயரத்தில் கரியால் ஒரு வட்டம் போட்டிருப்பார். எங்கள் கைத்தடியை மலாயில் சோத்தா என்பார்கள். அதன் முனையைச் சுண்ணாம்பில் முக்கிக் கொடுத்து அந்த வட்டத்தில் அடிக்கச் சொல்வார். தலையில் அடிக்கக் கூடாது, எலும்பில் அடிக்கக் கூடாது. தொடையின் வெளிப்பக்கச் சதை மட்டும்தான். எத்தனை பேர் அடித்தாலும் அவர் அடிக்கிறவனைப் பார்க்கவே மாட்டார். மரத்தை மட்டும்தான் பார்ப்பார். ஆளைப் பார்த்தால் மயங்கிவிடுவோம், ஓங்குகிற ஓங்கலைப் பார்த்து வேகம் என்று நினைத்துவிடுவோம் என்பார்.

என் முறை வந்தது. முழு பலத்தோடு விளாசினேன். மரத்தில் வட்டத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று நீளநீளமாக வெள்ளைக் கோடுகள் விழுந்தன. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். சார்ஜன் கைக்குட்டையை எடுத்தார்.

"நீதானே உங்க தோட்டத்துல ஜெயிச்சவன்?"

"ஆமா சார்ஜன்."

"இந்தக் கோட்டப் பாரு. தடி பட்ட பெறகு வழுக்கியிருக்கு. எங்க படணும்னு தெரியாம வந்த அடி இப்படித்தான் இழுத்துக்கிட்டுப் போவும். பழகினவன் அடி எப்படி இருக்கும் தெரியுமா?"

என் கையிலிருந்த சோத்தாவை வாங்கினார். ஓங்கவே இல்லை. டக், டக், டக் என்று ஏதோ கதவைத் தட்டுகிற மாதிரி கேட்டது. கிட்டப் போய் வட்டத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு, வெள்ளிக்காசு அளவுக்கு. ஒன்றன்மேல் ஒன்றாக அதே இடத்தில் அடித்திருக்கிறார்.

"புதுசா வந்தவன் அடி வேகமாத் தெரியும். பழகினவன் அடி வேகமாவே தெரியாது, ஆனா பட்டிருக்கும்," என்றார். "புதுசு மொதல்ல பின்னால போவுது, ஓங்குது, அப்புறந்தான் முன்னால வருது. அதுக்குள்ள எதிராளி பசியாறிட்டே வந்துருவான். பழகின கை நேரா கெளம்பும், நேரா நிக்கும். நிறுத்தத் தெரியுதா இல்லியா, அதான் பழக்கம்."

பிறகு என் பிடியைத் திருத்துவதற்காக என் மணிக்கட்டின் உள்பக்கம் சோத்தா முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். வலிக்கவே இல்லை, ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் குளிக்கப் போனபோது அந்த இடம் எரிந்தது. விளக்கில் பார்த்தேன். சின்னதாக, வட்டமாகச் சிவந்திருந்தது.

வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். வேர்க்குரு இல்லை அது. சுண்ணாம்பு. வியர்த்த தோலில் ஈரச் சுண்ணாம்பு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் பட்டால் இப்படித்தான் புண்ணாகும். தங்கையா அண்ணன் அன்றைக்கு எனக்குப் பொட்டு வைத்திருக்கிறார். ஒன்றல்ல, எத்தனையோ. எல்லாம் புருவ நடுவில், எல்லாம் திருநீற்றின் மேல். வெள்ளையின் மேல் வெள்ளை. கொஞ்சம் குறி தப்பியிருந்தால் மூக்கிலோ கன்னத்திலோ கோடு விழுந்து கிராணிக்குத் தெரிந்திருக்கும். அவர் கை தப்பவே இல்லை, அதனாலேயே தோற்றுப்போனார். அந்தக் கட்டைவிரல் ஆசீர்வாதமும் இல்லை. காய்ந்த திருநீறா ஈரச் சுண்ணாம்பா என்று அவர் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஈரம்தான் என்று தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? நானும் கத்தவில்லை. மாதச் சம்பளம் வர ஆரம்பித்துவிட்டது, தனி வீட்டுக்கு மாறிவிட்டோம், செல்விக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கென்ன தெரியும், கிராணிதானே எண்ணினார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த வருடம் இன்னொரு ஜாகா தேவைப்பட்டது. சார்ஜன் எங்கள் தோட்டத்துக்கு வந்து என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். வேறு யாரும் இல்லை.

"உன்கிட்ட கடைசி ஆட்டத்துல தோத்தவன் ஒருத்தன் இருக்கானாமே. நல்லா நிக்கிறான்னு மேனேஜர் சொல்றாரு. அவன் எப்படி? மரத்துல ஒரு நாள் அடிச்சுப் பாக்கலாமா?"

அந்த மரம் என் கண்முன்னால் வந்தது. தங்கையா அண்ணன் அந்த வட்டத்தில் அடித்தால் என்ன விழும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒற்றை வெள்ளைப் பொட்டைப் பார்த்ததும் சார்ஜன் என் பக்கம் திரும்புவார், இவனை எப்படியப்பா நீ ஜெயித்தாய் என்று கேட்பார். முழுப் பூசணிக்காயை அதற்குமேல் எந்தச் சோற்றில் மறைப்பது?

"அவருக்கு வயசாயிடுச்சு சார்ஜன். கை மெதுவாயிடுச்சு," என்றேன்.

எப்போதும் அடி பட்ட இடத்தையே பார்க்கிற சார்ஜன் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். "சரி" என்று மட்டும் சொன்னார். வேறு தோட்டத்திலிருந்து ஒரு பையனை எடுத்தார்கள்.

அதன் பிறகு நான் நன்றாகவே வேலை செய்தேன். அதைச் சொல்லிக்கொள்ளவும் கூச்சமாக இருக்கிறது. வருடக்கணக்கில் அதே மாதிரி ஒரு மரத்தில் அடித்து அடித்து என் கோடுகளும் குறுகி, கடைசியில் பொட்டாகின. பிற்பாடு ரெம்பாவ், போர்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் நானே போய் ஜாகாக்களைப் பழக்கினேன். கை பழகப் பழகக் கண்ணும் பழகியது. அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. ஆட்டம் நடந்தபோது எனக்கு ஒரு தொடுகையும் தெரியவில்லை. கொஞ்ச வருடம் கழித்து யோசித்தபோது, நான் வலது பக்கம் ஓங்கிய இடத்தில் ஒரு பொட்டு விழுந்தது பிடிபட்டது. இன்னும் சில வருடம் போனதும் நான் குதித்து இறங்கிய இடத்தில் ஒன்று. பழைய ஆட்டம் என் தலைக்குள் மெதுவாக ஓட ஆரம்பித்து, நான் எவ்வளவு மோசமாகத் தோற்றேன் என்று ஒவ்வொன்றாகக் காட்டியது. நடுவராக என்னைக் கூப்பிட்டபோது முதல் வேலையாக அந்த நெற்றி ரூலை வைத்தேன். இன்னொரு தங்கையா அப்படித் தோற்கக் கூடாது என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் உண்மையான தங்கையா பத்து மைல் தூரத்தில் இருந்தார், அவரிடம் நான் போகவில்லை.

கவின் வந்துபோன மறுவாரம் போனேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு மோட்டார் சைக்கிளைவிட அதிகமாக இரைந்தது. ரெம்பாவில் மகன் வாங்கிய வீட்டில் இருக்கிறார்கள். ராசம்மா அக்காதான் கேட்டைத் திறந்தார். தங்கையா அண்ணனின் மனைவி. விலாவில் அடி விழுந்தபோது "ஐயோ" என்று கத்திய அதே குரல்.

"பசியாறிட்டீங்களா? ஒக்காருங்க, தண்ணி கலக்குறேன்," என்று உள்ளே போனார்.

அண்ணன் வாசல் கூரைக்குக் கீழே நாற்காலியில் இருந்தார். உடம்பு வற்றிவிட்டது. கண்ணில் பூ விழுந்து, எதிரில் இருக்கிறவர் நிழல் மாதிரிதான் தெரியுமாம். மடியில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை இருந்தது.

"அவதான் படிச்சுக் காட்டுவா. நீ தோட்டத்துக் கத கித எழுதுனா அதத்தான் மொதல்ல படிக்கச் சொல்லுவேன்," என்றார். என் கட்டுரைகள் சில அந்தப் பத்திரிகையில் வந்திருக்கின்றன.

நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, அந்தத் திருவிழாவுல நீங்க எனக்குப் பொட்டு வெச்சீங்க. எனக்குத் தெரியும்," என்றேன்.

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். "எரிஞ்சிருக்குமே தம்பி?"

"எரிஞ்சது."

"அதான். நான் அன்னிக்குச் சொன்னா, தோத்துட்டு சாமி திருநீற அழிச்சுக் காட்டுறான்னு சொல்லுவாங்க. சுண்ணாம்பு எரியும், ரெண்டு நாள்ல பையன் புரிஞ்சுக்குவான், அவனே வந்து சொல்லுவான்னு நெனச்சேன்."

"ஏண்ணே ஒடம்புல அடிக்கல? ஒரு அடி சட்டையில விழுந்திருந்தாகூட..."

"ஒடம்புல அடிச்சா மறுநா கை தூக்க முடியாது. நீ பால் வெட்டணும்ல. புதுசா கல்யாணம் பண்ணவன், ஒன் சம்சாரம் வேற புள்ளத்தாச்சி. தொட்டாலே புள்ளி வருதே, எதுக்கு அடிக்கணும்?"

தட்டில் தேத்தண்ணீரோடு வந்த ராசம்மா அக்கா அங்கேயே நின்றுவிட்டார். "இவரு சொல்ல மாட்டாரு தம்பி, நான் சொல்றேன். நீங்க அடிச்ச அடியில வெலா வீங்கிப் போயி ஒரு வாரம் தீம்பாருக்குப் பால் வெட்டப் போவல. நான்தான் இவரு மரத்தையும் சேத்து வெட்டுனேன்."

"விடு புள்ள," என்றார் அண்ணன்.

"எப்பத் தெரிஞ்சது ஒங்களுக்கு?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"பயிற்சிக்குப் போனப்போ. கொஞ்ச நாள்லயே."

"அப்பவேவா." அவர் தட்டை வைத்தார். "அப்பவே தெரிஞ்சும் வரல. ரப்பர வெட்டிச் சாச்ச பெறகு இவருக்கு மருந்தடிக்கிற வேலதான் குடுத்தாங்க. புல்லுக்கு மருந்தடிச்சு மருந்தடிச்சுத்தான் இந்தக் கண்ணு. டாக்டரு வயசும்பாரு. நான் ஒத்துக்க மாட்டேன்."

இரண்டாவது ஜாகா வேலை நாக்கு நுனியில் நின்றது. அக்கா, அந்த வேலையும் இவருக்கு வந்தது, நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் பேச்சை மாற்ற நினைத்தார் போலிருக்கிறது. நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோலை எடுத்தார்.

"அதெல்லாம் போவட்டும். எந்திரிச்சு நில்லு தம்பி. நெழல் தெரியுது, போதும்."

நின்றேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆட்களைப் பழக்கியவன் நான். எந்தக் கை எப்போது கிளம்பும் என்று தோளைப் பார்த்தே சொல்வேன். அவர் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. ஊன்றுகோலின் ரப்பர் முனை என் புருவ நடுவில் இருந்தது. தொட்டது தெரிந்தது, வந்தது தெரியவில்லை. இமையைக்கூட நான் மூடியிருக்கவில்லை.

அண்ணன் கோலைக் கீழே இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"முன்ன மாதிரி இல்லப்பா. கை மெதுவாயிடுச்சு."

நான் ஆபீசில் சொன்ன அதே சொல். அவருக்குத் தெரியாது. தெரிந்து சொன்னாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். வெறும் சிரிப்புத்தான் இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். தேத்தண்ணீரைக் குடித்தேன், நன்றாக இருந்தது என்று அக்காவிடம் சொன்னேன், மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கோழைக்கு எந்த வயதிலும் வழி தெரியும்.

அதனால் கவின், நெற்றி ரூலுக்குக் காரணம் கண் இல்லை, நான்தான். உங்கள் கறுப்புச் சட்டை நல்ல சட்டை. அது அன்றைக்கே இருந்திருக்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ராசம்மா அக்கா இதை அண்ணனுக்குப் படித்துக் காட்டுவார். அக்கா, இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். அண்ணே, இரண்டாவது ஜாகா வேலைக்கு சார்ஜன் உங்களைத்தான் கேட்டார். உங்கள் கை மெதுவாகிவிட்டது என்று சொன்னவன் நான். உங்கள் கை அன்றைக்கும் மெதுவாக இல்லை, போன வாரமும் மெதுவாக இல்லை.